லூயிஸ்டன் 1965: லிஸ்டனின் இடது கால் எழும்பியதா இல்லையா?

ரிங்சைடு ராஜன்:
வேறொரு குழுவில் ஒருவர் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சோனி லிஸ்டன் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழுந்து படுத்தவன். அவனையெல்லாம் ஹெவிவெயிட் சாம்பியன்கள் வரிசையில் வைத்துப் பேசாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக ஆமாம் சாமிகள். அங்கே பதில் போட்டேன், நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

1965 மே 25. மேய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சின்ன ஊர். முகமது அலிக்கும் லிஸ்டனுக்கும் இரண்டாவது ஆட்டம். முதல் ரவுண்டில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம் ஆகியிருக்கும். லிஸ்டன் இடது கையால் ஜாப், அதாவது நேர்க்குத்து, நீட்டுகிறார். அலி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அந்தக் கைக்கு மேலாக வலது கையை இறக்குகிறார். லிஸ்டன் விழுகிறார். இந்தக் குத்தைத்தான் 'யாரும் பார்க்காத குத்து' என்று இத்தனை வருடமாகக் கேலி செய்கிறார்கள்.

ஃபிலிமை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குத்து முகத்தில் இறங்கும்போது லிஸ்டனின் இடது கால் தரையை விட்டு எழும்புகிறது. உடம்பின் பாரம் பெரும்பாலும் அந்தக் கால் மேல்தான் இருந்தது. பாரம் தாங்கி நிற்கும் காலைத் தூக்கி யாராலும் நடிக்க முடியாது. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் டெக்ஸ் மௌல் அப்போதே இதை எழுதிவிட்டார். காலைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

வியாசர்பாடி வேலு:
பார்த்தாயிற்று ராஜன். ஜாப் போடும்போது இடது காலை ஒரு எட்டு முன்னால் வைப்போம். சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். காலைத் தூக்காமல் எப்படி எட்டு வைப்பது? லிஸ்டன் ஜாப் போட்டார், கால் எழும்பியது. இதில் அலியின் குத்துக்கு என்ன வேலை?

நான் ரிங்குக்குள் நின்றவன். மூக்கு உடைந்தவன். பத்திரிகையில் படித்துவிட்டுப் பேசவில்லை. அந்தக் குத்தில் ஒரு பெரிய ஆள் விழ மாட்டான். அதுவும் லிஸ்டன். 1954-இல் மார்ட்டி மார்ஷல் தாடையை உடைத்தபோது, உடைந்த தாடையோடு எட்டு ரவுண்டும் முடித்தவர் அவர். அப்படிப்பட்ட மனுஷன் இதற்கு விழுந்தார் என்றால் நம்ப நான் தயாராக இல்லை.

ரிங்சைடு ராஜன்:
//காலைத் தூக்காமல் எப்படி எட்டு வைப்பது?//

எட்டு வைக்கும் கால் முன்னால் போகும். இந்தக் கால் மேலே போகிறது. லிஸ்டன் எட்டு வைத்து முடித்து, கால் தரையில் ஊன்றிய பிறகுதான் குத்து இறங்குகிறது. ஊன்றிய கால் எழும்புகிறது. முன்னால் போவதும் மேலே போவதும் ஒன்றா?

மார்ஷல் கதையை நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று. தாடை உடைவது வேறு, நிலை குலைவது வேறு. வருவதைப் பார்த்து வாங்கும் குத்து உடைக்கும். பார்க்காமல் வாங்கும் குத்து சாய்க்கும். லிஸ்டன் தன் ஜாபுக்குப் பின்னால் முன்னே வந்துகொண்டிருந்தார், அலி பின்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் போகிறவன் அந்த நேரத்தில் அடிப்பான் என்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ரிங்குக்குள் நின்றவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அலிபக்தன்:
வேலு சார், உங்கள் பேச்சு லிஸ்டனை மட்டும் இழிவுபடுத்தவில்லை. அலியையும் சேர்த்துத்தான். அலி அந்தக் குத்துக்குப் பெயரே வைத்தார், 'நங்கூரக் குத்து' என்று. ஜாக் ஜான்சனிடமிருந்து வந்த வித்தை அது, நடிகர் ஸ்டெப்பின் ஃபெட்சிட் தனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி வேண்டுமென்றால் அந்தப் புகழ்பெற்ற போட்டோவைப் பாருங்கள். அலி நிற்கிறார், லிஸ்டன் மல்லாந்து கிடக்கிறார். அடி வாங்காதவன் அப்படிக் கிடப்பானா?

ரிங்சைடு ராஜன்:
தம்பி அலிபக்தன், நம் பக்கம் நின்று பேசுகிறேன் என்று நம் வாதத்தையே கெடுக்காதீர்கள். நீல் லைஃபரின் அந்தப் படம் குத்து விழுந்த பிறகு எடுத்தது. அலி முன்கையை மடக்கிக்கொண்டு, 'எழுந்து சண்டை போடு' என்று கத்தும் நேரம் அது. அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்பக்கத்தில் ஒரு போட்டோகிராபர் தெரிகிறார் பாருங்கள், ஹெர்ப் ஷார்ஃப்மன். அனுபவசாலி. பாவம், அவர் இருந்த பக்கத்திலிருந்து அலியின் முதுகுதான் தெரிந்தது. லைஃபருக்கு அப்போது வயது 22. உட்கார்ந்த இடம் அமைந்தது, உலகத்துக்கே அந்தப் படம் கிடைத்தது. ஆனால் அந்தப் படத்தில் குத்து இல்லை. கால் எழும்பியதும் இல்லை. ஆகவே அதை சாட்சிக்குக் கொண்டுவராதீர்கள்.

வியாசர்பாடி வேலு:
அப்படிச் சொல்லுங்கள். ராஜனே ஒப்புக்கொள்கிறார், படத்தில் ஒன்றுமில்லை என்று. இப்போது நான் கேட்கிறேன். அலி ஏன் 'எழுந்து சண்டை போடு' என்று கத்தினார்? தன் குத்தில் ஆள் விழுந்தான் என்று நம்பியிருந்தால் கையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போயிருப்பார். அடித்தவரே நம்பாத குத்தை நீங்கள் நம்புகிறீர்கள்.

ரிங்சைடில் ஜார்ஜ் சுவாலோ இருந்தார். மோசடி என்று அங்கேயே கத்தினார். அடுத்த வருடம் டொராண்டோவில் அலியோடு 15 ரவுண்டும் கீழே விழாமல் நின்றவர். அவருக்குத் தெரியாததா உங்கள் டெக்ஸ் மௌலுக்குத் தெரியும்?

கோவை_கணக்கு:
இரண்டு பேரும் நேரத்தை விட்டுவிட்டீர்கள். அதிகாரபூர்வக் கணக்கில் அன்றைக்கு நாக்அவுட் 1 நிமிடத்தில். உண்மையில் ஆட்டம் நின்றது 2 நிமிடம் 12 விநாடியில். ஒரு உலக சாம்பியன்ஷிப் ஆட்டத்தின் நேரத்தையே ஒரு நிமிடத்துக்கும் மேல் தவறாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு கால் எழும்பியதா என்று பேசி என்ன பயன்?

ரெஃப்ரி ஜெர்சி ஜோ வால்காட், பழைய ஹெவிவெயிட் சாம்பியன். ஆளை விழவைத்தவர் போய் நிற்க வேண்டிய நடுநிலை மூலைக்கு அலி போகாமல் லிஸ்டன் தலைமாட்டில் ஆடிக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளிவிடுவதிலேயே வால்காட்டுக்கு நேரம் போனது. விழுந்தவருக்குப் பத்து வரை எண்ணும் கவுண்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. லிஸ்டன் எழுந்துவிட்டார், இருவரும் மறுபடி அடிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது கீழேயிருந்து நாட் ஃபிளைஷர், லிஸ்டன் பத்து எண்ணும் வரை கிடந்துவிட்டார், ஆட்டம் முடிந்தது என்று கூப்பிட்டுச் சொல்கிறார். ஃபிளைஷர் யார்? தி ரிங் பத்திரிகையின் ஆசிரியர். அன்றைய ஆட்டத்தில் அவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. வால்காட் சண்டை போடும் இருவரையும் அப்படியே விட்டுவிட்டுப் போய் அவரிடம் பேசிவிட்டு வந்து ஆட்டத்தை நிறுத்துகிறார்.

பத்திரிகைக்காரர் பேச்சைக் கேட்டு ரெஃப்ரி தீர்ப்பு சொன்னார். என்னைப் பொறுத்தவரை விவாதமே அங்கேதான்.

ரிங்சைடு ராஜன்:
கணக்கு சார், நேரம் தவறு, கவுண்ட் குளறுபடி, எல்லாம் சரி. அவை விழுந்த பிறகு நடந்தவை. நான் கேட்பது விழுந்த அந்த நொடியைப் பற்றி. கால் எழும்பியதா, இல்லையா? அதற்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

வேலு அவர்களுக்கு: அலி கத்தியதற்குக் காரணம் வெறி. ஒரு வருடமாக அமெரிக்கப் பத்திரிகைகள் பாதி, மயாமியில் நடந்த முதல் ஆட்டத்தில் லிஸ்டன் வேண்டுமென்றே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டிருந்தன. லூயிஸ்டனில் நிரூபிக்க வந்த 23 வயதுப் பையன், ஆள் ஒரே குத்தில் விழுந்ததும் கத்தாமல் என்ன செய்வான்? சுவாலோ அப்போது தனக்கொரு பட்டப் போட்டி கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தவர். அவர் கத்தியதை சாட்சி என்று வைத்தால் எல்லாமே சாட்சிதான்.

மீனா_திருச்சி:
ஒரு கேள்வி. நீங்கள் 'படுத்தார்' என்று சொல்வது எதை? குத்தே இல்லாமல் விழுந்ததையா, குத்து வாங்கி விழுந்தவர் எழ மனசில்லாமல் கிடந்ததையா? இரண்டும் வேறுவேறு. வேலு அண்ணா முதலாவதைச் சொல்கிறார், ராஜன் சாரும் முதலாவதையே மறுக்கிறார், கணக்கு சார் இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார். இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் ஒரு காலைப் பிடித்துத் தொங்கினால் எப்படி?

வியாசர்பாடி வேலு:
எட்டு வைத்த கால் அம்மா அது. அவ்வளவுதான்.

ரிங்சைடு ராஜன்:
ஊன்றிய கால். மறுபடியும் சொல்கிறேன், ஊன்றிய கால்.

கோவை_கணக்கு:
2 நிமிடம் 12 விநாடி. யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை.

மீனா_திருச்சி:
சரி, நீங்கள் சண்டை போடுங்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மனுஷனை யாருமே மனுஷனாகப் பேசுவதில்லை.

ஆர்கன்சாஸில் குத்தகை விவசாயி வீட்டில், பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பா அடித்த தழும்புகள் பெரியவரான பிறகும் உடம்பில் இருந்தன. அம்மா செயின்ட் லூயிஸுக்கு வேலை தேடிப் போய்விட, பின்னாலேயே தானும் ஓடிப்போனார். படிக்க எழுதத் தெரியாது. கொள்ளை வழக்கில் 1950-இல் மிசௌரி சிறைக்குப் போனார். அங்கே ஒரு பாதிரியார் கையில் கிளவுஸைக் கொடுத்தார். 1952 கடைசியில் பரோலில் வெளியே வந்தார். 1953-இல் சிகாகோ கோல்டன் கிளவ்ஸ் அமெச்சூர் போட்டியில் எட் சாண்டர்ஸை ஜெயித்தார். சாண்டர்ஸ் அதற்கு முந்தைய வருடம்தான் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அதே வருடம் செப்டம்பரில் தொழில்முறை முதல் ஆட்டம், 33 விநாடியில் முடிந்தது.

நல்லவர் என்று சொல்லவில்லை. 1956-இல் போலீஸ்காரரை அடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போனார். ஃபிராங்கி கார்போ, பிளிங்கி பலேர்மோ போன்ற மாஃபியா ஆட்கள் கையில் அவருடைய ஒப்பந்தம் இருந்தது. வேறு யார் அவருக்கு ஆட்டம் கொடுத்தார்கள், சொல்லுங்கள். 1962 செப்டம்பரில் சிகாகோவில் ஃபிளாய்டு பேட்டர்சனை முதல் ரவுண்டில் வீழ்த்திப் பட்டம் வாங்கினார். அப்போது அவர் குடியிருந்தது ஃபிலடெல்பியாவில். ஊர் வரவேற்கும், இனிமேலாவது நல்ல பெயர் எடுப்போம் என்று விமானத்தில் என்னென்ன பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்தார். கதவைத் திறந்து கீழே பார்த்தால், வரவேற்க வந்த கூட்டம் என்று ஒன்று இல்லை. பத்திரிகைக்காரர்களும் விமான நிலைய ஊழியர்களும்தான் நின்றார்கள். உலக ஹெவிவெயிட் சாம்பியனுக்கு நடந்தது இது. எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

வியாசர்பாடி வேலு:
மீனா அம்மா, கண்ணில் தண்ணீர் வரும் கதைதான். நானும் கல் மனசுக்காரன் இல்லை. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், மாஃபியா கையில் இருந்தவர் என்று. அதைத்தான் நானும் சொல்கிறேன். மேலே உள்ளவன் படு என்றால் படுக்க வேண்டிய நிலையில் இருந்தவர். பாஸ்டனில் நடக்க வேண்டிய ஆட்டத்தை மாசசூசெட்ஸ் அதிகாரிகள் ஏன் துரத்திவிட்டார்கள்? நடத்துகிறவர்கள் மாஃபியா ஆட்கள் என்ற சந்தேகத்தால். கடைசியில் லூயிஸ்டனில் 2,434 பேர் முன்னால் நடந்தது. ஹெவிவெயிட் பட்டப் போட்டிக்கு அவ்வளவு குறைந்த கூட்டம் அதுவரை இல்லை. சுத்தமான ஆட்டம் என்றால் ஏன் ஒளித்து வைத்து நடத்த வேண்டும்?

அதுவும் போதாது என்றால், அலியின் பழைய நண்பரான கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸைச் சுட்டுக் கொன்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அரங்கம் முழுக்க போலீஸ். அலியைச் சுட ஆள் வருகிறது, லிஸ்டனுக்கு மிரட்டல் என்று ஊரெல்லாம் பேச்சு. பயத்திலும் படுத்திருக்கலாம்.

ரிங்சைடு ராஜன்:
பாருங்கள், இதைத்தான் எதிர்பார்த்தேன். முதலில் காசுக்குப் படுத்தார். பிறகு மாஃபியா சொல்லிப் படுத்தார். இப்போது பயத்தில் படுத்தார். ஒரே ஆள் எத்தனை காரணத்துக்காகப் படுப்பார்? ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

மாஃபியா பணம் கட்டியது என்றால் எந்தப் பக்கம் கட்டியது? அவர்களுக்குப் பங்கு இருந்தது லிஸ்டன் பக்கம். ஹெவிவெயிட் சாம்பியன் என்பது வருடக்கணக்கில் பால் கறக்கும் மாடு. அதை ஒரு ராத்திரிப் பந்தயத்துக்காக அறுப்பானா எந்த வியாபாரியாவது?

ஃபிளாய்டு பேட்டர்சன் கதையையும் சொல்கிறேன். லிஸ்டனிடம் 1962-இல் 2 நிமிடம் 6 விநாடியில் தோற்றார். ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் சிகாகோவை விட்டுப் போனார். 1963 ஜூலையில் லாஸ் வேகாஸில் மறுபடியும் ஆடி 2 நிமிடம் 10 விநாடியில் தோற்றார். இரண்டு தடவையும் முதல் ரவுண்டு. பேட்டர்சன் படுத்தார் என்று எவராவது சொன்னார்களா? இல்லை. ஏனென்றால் அவர் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை முதல் ரவுண்டில் விழுந்தால் பாவம், ஜெயிலுக்குப் போனவன் விழுந்தால் மோசடி. லிஸ்டன் விஷயத்தில் எனக்கு வயிறு எரிவது இதனால்தான்.

கோவை_கணக்கு:
வயதையும் யாரும் சொல்லவில்லை. 1965-இல் அவருக்கு 33 என்பது அவர் கொடுத்த கணக்கு, 1932 மே 8 என்று வைத்து. பிறப்புப் பதிவு கிடையாது. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10 வயது என்று இருக்கிறது. அப்படியென்றால் லூயிஸ்டனில் 35. அதோடு, ஆட்டம் முதலில் 1964 நவம்பர் 16-க்குத்தான் வைத்திருந்தார்கள். மூன்று நாள் முன்னால் அலிக்கு ஹெர்னியா ஆபரேஷன். லிஸ்டன் அந்த நவம்பருக்காக உடம்பைக் கடுமையாகத் தயார் செய்திருந்தார். ஆறு மாதம் தள்ளிப்போனதும் மறுபடியும் அந்த நிலைக்கு வரவில்லை. 2 நிமிடம் 12 விநாடிக்கு இதுவும் ஒரு விளக்கம்.

வியாசர்பாடி வேலு:
அப்படியென்றால் மயாமி? 1964 பிப்ரவரி 25. அப்போது எந்தத் தள்ளிப்போடலும் இல்லை. ஆறு ரவுண்டு ஆடிவிட்டு ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தும் ஸ்டூலை விட்டு எழவில்லை. தோள் வலி என்றார். ஹெவிவெயிட் சாம்பியன் தோள் வலிக்குப் பட்டத்தை விட்டுக்கொடுப்பாரா? அதைப் பற்றி எஃப்பிஐ ஆவணமே 2014-இல் வெளியே வந்தது.

ரிங்சைடு ராஜன்:
//எஃப்பிஐ ஆவணமே 2014-இல் வெளியே வந்தது//

வந்தது. அது மயாமி ஆட்டத்தைப் பற்றியது. லூயிஸ்டனைப் பற்றியது அல்ல. அதிலும் சந்தேகம் இருக்கிறது, நிரூபணம் இல்லை. அலிக்கு இதில் எதுவும் தெரிந்திருந்ததாகவும் அதில் இல்லை. ஒரு ஆட்டத்தின் சந்தேகத்தை எடுத்து இன்னொரு ஆட்டத்தில் ஒட்டுகிறீர்கள்.

தோளை டாக்டர்கள் பார்த்து, காயம் உண்மை என்று சொன்ன பிறகுதான் நிறுத்தி வைத்த பணத்தை விடுவித்தார்கள். இன்னொன்று. ஆறு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்கள் போட்ட மார்க்கைக் கூட்டினால் ஆட்டம் சமம். ஒருவர் அலிக்கு 58-56, ஒருவர் லிஸ்டனுக்கு 58-56, மூன்றாமவர் 57-57. சமமாக இருந்த ஆட்டத்தை விட்டு எழாமல் உட்கார்ந்தவருக்கு வலி எவ்வளவு இருந்திருக்கும்?

ஆனால் நீங்கள் மயாமிக்கு ஓடுவது எதற்கு என்று தெரியும். லூயிஸ்டன் காலுக்குப் பதில் இல்லை.

அலிபக்தன்:
இந்தத் திரியில் அலிக்குக் கொஞ்சமாவது மரியாதை கொடுங்கள். என் அப்பா 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலியை நேரில் பார்த்தவர். ஜிம்மி எல்லிஸோடு ஆடினார். அந்தக் கையின் வேகத்தை நேரில் பார்த்தவர்கள் 'யாரும் பார்க்காத குத்து' என்று சொல்ல மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போனது வேகத்தால்.

வியாசர்பாடி வேலு:
தம்பி, அது காட்சிப் போட்டி. எல்லிஸ் அலியோடு சின்ன வயதிலிருந்தே லூயிவில்லில் வளர்ந்த நண்பர். அதை வைத்து லூயிஸ்டனை எடை போடக்கூடாது. அன்றைக்கு எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் போனார்கள், என் மாமாவும் போனார். ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அலிக்கு உடம்பு பெருத்திருந்தது, சிரித்துச் சிரித்து ஆடினார் என்றுதான் சொன்னார்.

அலிபக்தன்:
என் அப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். எம்.ஜி.ஆரையும் பார்த்தார். உங்கள் மாமா எந்த வரிசை என்று எனக்குத் தெரியாது.

வியாசர்பாடி வேலு:
என் மாமா குத்துச்சண்டை வீரர். அவர் எந்த வரிசை என்று கேட்கும் தகுதி உங்களுக்கு இல்லை. வடசென்னையில் பாக்சிங் பார்க்கும் கண்ணே வேறு. சும்மா டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்த்தவர்களோடு சேர்க்காதீர்கள்.

ரிங்சைடு ராஜன்:
வேலு, வடசென்னைக்கு மட்டும்தான் கண் இருக்கிறதா? போன வருடம் டைசன் திரியிலும் இதே பாட்டுத்தான். 'ரிங்குக்குள் நின்றவன்' என்று சொல்லி எல்லோர் வாயையும் அடைத்தீர்கள். பிறகு நான் ஃபிலிம் நேரத்தைப் போட்டதும் காணாமல் போய்விட்டீர்கள். நான் மறக்கவில்லை.

லிஸ்டன் லூயிஸ்டனுக்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். படுத்துப் பணம் வாங்கியவன் வீட்டில் உட்காருவான். இவர் அமெரிக்காவில் ஆட்டம் கிடைக்காமல் ஸ்வீடனுக்குப் போனார். அங்கே நான்கு ஆட்டமும் நாக்அவுட். திரும்பி வந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார். 1969 டிசம்பரில் லியோட்டிஸ் மார்ட்டினிடம் தோற்கும் வரை தொடர்ச்சியாக 14 வெற்றி. கடைசி ஆட்டம் 1970 ஜூனில் ஜெர்சி சிட்டியில், சக் வெப்னரோடு. வெப்னரின் முகத்தை அறுத்துக் கிழித்துவிட்டார், ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நாற்பது வயதை ஒட்டிய ஆள். மொத்தம் 54 ஆட்டத்தில் 50 வெற்றி, 39 நாக்அவுட். இந்தக் கணக்கை வைத்திருக்கும் ஒருவரை 'படுத்தவன்' என்று ஒரே வார்த்தையில் தூக்கி எறிகிறார்கள்.

மீனா_திருச்சி:
அந்த வெப்னர் ஆட்டம் முடிந்து அரை வருடத்தில் இறந்துவிட்டார். 1971 ஜனவரி 5 அன்று மனைவி ஜெரால்டின் ஊரிலிருந்து லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பியபோது கிடந்தது பிணம். வாசலில் பேப்பர் கட்டுக் கட்டாகச் சேர்ந்திருந்தது. சான்றிதழில் டிசம்பர் 30 என்று போட்டார்கள். போதை ஊசியா, கொலையா, நெஞ்சு வலியா என்று இன்றுவரை ஆளுக்கொரு பேச்சு. பிறந்த தேதியும் சரியாகத் தெரியாது, செத்த தேதியும் சரியாகத் தெரியாது. கல்லறையில் பெயருக்குக் கீழே 'ஒரு மனிதன்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அந்த மனிதனின் ஒரு காலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

வியாசர்பாடி வேலு:
எல்லாம் சரி அம்மா. ஆனால் 14 வெற்றி யாரோடு என்று ராஜன் சொல்லவில்லை. ஸ்வீடனில் ஆடியது பெயர் தெரியாத ஆட்களோடு. அதையெல்லாம் வைத்து லூயிஸ்டனைக் கழுவ முடியாது. விழுந்ததைக்கூட விடுங்கள். எழும்போது என்ன நடந்தது? ஒரு முட்டி போட்டு எழுந்தவர் மறுபடியும் மல்லாந்து உருண்டார். அப்போது எவரும் தொடவில்லை. இரண்டாவது தடவை விழவைத்தது எந்தக் குத்து?

ரிங்சைடு ராஜன்:
தலை சுற்றுகிறவன் எழப் பார்த்தால் அப்படித்தான் விழுவான். தலைமாட்டில் அலி நிற்கிறார், எழுந்ததும் அடிக்கத் தயாராக. ரெஃப்ரி பக்கத்தில் இல்லை, கவுண்டும் காதில் விழவில்லை. எப்போது எழுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நடுநிலை மூலைக்கு அனுப்பாமல் கவுண்டே தொடங்கக்கூடாது. 1927-இல் சிகாகோவில் ஜீன் டன்னியை விழவைத்த ஜாக் டெம்சி மூலைக்குப் போகாததால்தான் டன்னிக்கு எழக் கூடுதல் நேரம் கிடைத்தது. டன்னியைக் கொண்டாடுகிறீர்கள், லிஸ்டனைத் திட்டுகிறீர்கள்.

கோவை_கணக்கு:
இதைத்தானே ஆரம்பத்திலிருந்து நான் சொல்கிறேன்! கவுண்ட் சட்டப்படி நடக்கவில்லை. ஆகவே அந்த நாக்அவுட்டே செல்லாது. ராஜன் இப்போது என் வாதத்தைத் தன் வாதம் போலப் பேசுகிறார்.

ரிங்சைடு ராஜன்:
செல்லாது என்று நான் எங்கே சொன்னேன்? குத்து உண்மை, நாக்அவுட்டும் உண்மை, ரெஃப்ரி மட்டும் மோசம். என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

வியாசர்பாடி வேலு:
ரெஃப்ரி மோசம் என்று இங்கே சொல்கிறார். டைசன் திரியில் இதே ராஜன்தான், ரெஃப்ரி எண்ணுவதுதான் கவுண்ட், கடிகாரத்தைப் பார்க்காதே என்று சத்தியம் செய்தார். 1990 பிப்ரவரி, டோக்கியோ. எட்டாவது ரவுண்டு கடைசியில் டைசன் அப்பர்கட்டில் பஸ்டர் டக்ளஸை விழவைத்தார். ரெஃப்ரி தாமதமாக எண்ண ஆரம்பித்தார். டக்ளஸ் பத்து விநாடிக்கு மேல் கிடந்தார். அதற்கு மட்டும் கடிகாரம் கூடாதாம். லிஸ்டனுக்கு ஒரு சட்டம், டைசனுக்கு ஒரு சட்டமா?

ரிங்சைடு ராஜன்:
டோக்கியோவில் டக்ளஸ் ரெஃப்ரியின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்பதுக்கு எழுந்தார். ரெஃப்ரி கண் முன்னால் நின்று எண்ணுகிறார். லூயிஸ்டனில் எண்ணவே ஆள் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாகும்? அதோடு டக்ளஸ் எழுந்து வந்து பத்தாவது ரவுண்டில் டைசனைச் சாய்த்தார். டைசன் தரையில் தவழ்ந்து பல் கவசத்தைத் தேடினார். கவுண்டைப் பற்றி டைசனின் ஆட்டங்களை ஏற்பாடு செய்த டான் கிங் எவ்வளவு கத்தினாலும் கடைசியில் டக்ளஸ்தான் சாம்பியன் என்று சங்கங்கள் ஒப்புக்கொண்டன. அந்தத் திரியில் ஃபிலிம் நேரத்தை நான் போட்டது இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

வியாசர்பாடி வேலு:
அந்தத் திரியில் நான் காணாமல் போகவில்லை. என் பையனுக்குப் போட்டி இருந்தது, ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பதில் எழுதினேன், நீங்கள்தான் படிக்கவில்லை. டக்ளஸ் விரலைப் பார்த்தாரா, வேறெங்கோ பார்த்தாரா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரிங்சைடு ராஜன்:
ஃபிலிமில் தெரிகிறது. முகம் ரெஃப்ரி பக்கம் திரும்பியிருக்கிறது. எட்டாவது ரவுண்டு முடிய சில விநாடிதான் பாக்கி. எந்த நிமிடம், எந்த விநாடி என்று ராத்திரி இங்கேயே போடுகிறேன். அதுவரைக்கும் வடசென்னைக் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருங்கள்.